கூட நிற்கும் நடுவர் புதியவரா? பள்ளி வாலிபால் மேட்ச் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, கோடை லீவில் ஊர் கிளப் நடத்தும் ஜூனியர் டோர்னமென்ட் என்று எங்கே போனாலும் இரண்டு நடுவர்களும் சம அனுபவத்தோடு அமைவது அபூர்வம். ஒருவர் பல வருஷமாக விசில் ஊதுகிறவராக இருப்பார். இன்னொருவர் நேற்றுவரை கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையனாக இருப்பார், அல்லது கபடியில் கெட்டிக்காரராக இருந்தும் ஆள் பற்றாக்குறையால் வாலிபாலுக்கு அனுப்பப்பட்ட பி.டி. ஆசிரியராக இருப்பார். இந்தப் பதில்கள் அந்த மூத்தவருக்காக எழுதியவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் என் கருத்து ஒன்றுதான்: மேட்ச் முழுவதையும் நீங்களே தலையில் தூக்கிச் சுமக்காதீர்கள். கூட நிற்பவருக்கு ஒரு பகுதியைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்து, அதற்குள் அவர் முடிவை அவரே எடுக்க விடுங்கள்.

யார் ஸ்டாண்டில் ஏறுவது, யார் கீழே நிற்பது?

வழக்கமாக மூத்தவர் வலையோரம் உள்ள உயரமான ஸ்டாண்டில் முதல் நடுவர், புதியவர் எதிர்ப்பக்கம் கீழே இரண்டாம் நடுவர். இரண்டாம் நடுவர் வேலை சுலபம் என்ற நினைப்பில்தான் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டைம்-அவுட், ஆள் மாற்றம், ரொட்டேஷன் (ஆட்கள் சுற்றி இடம் மாறும் வரிசை), லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆள்), ஸ்கோர் டேபிள், இரண்டு பெஞ்ச் என்று அத்தனையும் கீழே நிற்பவர் தலையில்தான் விழுகிறது, போதாததற்குச் சத்தம் போடும் கோச்சும் அவர் பக்கத்தில்தான் இருப்பார். மேலே இருப்பவருக்குப் பொறுப்பு பெரிது, ஆனால் வேலை ஒரே சீரானது.

அதனால் புதியவர் நன்றாக ஆடியவர், பந்தைத் தொடும் கையைப் பார்த்தே ஹோல்டிங்கா (பந்தைப் பிடித்து நிறுத்துவது) இல்லையா என்று சொல்லக்கூடியவர், ஆனால் நடைமுறை மட்டும் தெரியாது என்றால், லீக் சுற்றில் ஒரு சுமாரான மேட்ச்சில் அவரை மேலே ஏற்றிவிட்டு நீங்கள் கீழே நில்லுங்கள். பெஞ்சையும் டேபிளையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் நிம்மதியாக ஊதுவார். நாக்-அவுட் என்றாலோ, ஏற்கெனவே உரசல் உள்ள இரண்டு பள்ளிகள் மோதினாலோ நீங்கள்தான் மேலே. அங்கே பரிசோதனை வேண்டாம், அடிபடுவது பிள்ளைகளின் மேட்ச்.

ஏறுவதற்கு முன் ஸ்டாண்டை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். நிறையப் பள்ளிகளில் ஸ்டாண்ட் என்பது டேபிள் மேல் போட்ட நாற்காலிதான். நடுவரின் கண் வலையின் மேல்விளிம்பைவிடச் சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஆட்டத்தில் வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு வலையை இறக்கிவிட்டு ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டால், மேலே இருப்பவருக்கு எல்லாம் உச்சந்தலையிலிருந்து தெரியும், வலை விளிம்பில் கை பட்டதா என்பது மட்டும் தெரியாது.

மேட்ச்சுக்கு முன்னால் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

பிள்ளைகள் வார்ம்-அப் செய்யும்போது பத்து நிமிஷம் கிடைக்கும், அது போதும். விதிப் புத்தகத்தை ஒப்பிக்க வேண்டாம். யார் எதைப் பார்ப்பது, யார் எதற்கு ஊதுவது, சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்டுக்கொள்வது, இந்த மூன்றும் தீர்ந்தால் சரி.

வயதில் இளையவர் என்றால் நான் சொல்வது இப்படி இருக்கும்: "தம்பி, பந்து என்னோடது. நெட்டும் காலும் உன்னோடது. ரிசீவ் பண்ற டீமோட ரொட்டேஷனும் உன்னோடது. உன் பகுதியில நீ பார்த்துட்டா ஊது, என் முகத்தப் பார்க்காத. என் பகுதியில ஏதாவது தெரிஞ்சா ஊதாம கையை மட்டும் நெஞ்சுக்கிட்ட காட்டு, நான் எடுத்துக்கிறேன்."

இதில் கடைசி வாக்கியம் முக்கியம். நாலாவது டச் ஆகிவிட்டது, அவுட் போன பந்து பிளாக்கர் (வலையோரம் எழும்பி அடியைத் தடுப்பவர்) விரலில் உரசியது மாதிரி விஷயங்களை இரண்டாம் நடுவர் சைகையால் தெரிவிக்கலாம், ஆனால் முதல் நடுவரிடம் அதை வற்புறுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. அந்தச் சைகை என்ன என்பதை முன்கூட்டியே காட்டிக்கொள்ளுங்கள். நாலு டச்சுக்கு நாலு விரல், உரசலுக்கு விரல் நுனியைத் தடவுவது. தடவுவதைத் தலைக்கு மேலே தூக்கிச் செய்தால் ஊரே பார்க்கும், அப்புறம் நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் மானம் போகும். நெஞ்சோடு வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

லைன் நடுவர் இருக்கிறார்களா என்று அப்போதே பாருங்கள். நாலு பேர் கிடைக்காவிட்டாலும் ஆடாத அணிகளிலிருந்து விஷயம் தெரிந்த இரண்டு சீனியர் பிள்ளைகளைக் கேட்டு வாங்கலாம். இரண்டு பேர் மட்டும் என்றால் ஒவ்வொரு நடுவருக்கும் வலது கைப் பக்கம் இருக்கும் மூலையில் ஒருவர், மூலையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, குறுக்காக நிற்க வேண்டும். அப்படி நின்றால் நாலு கோடும் மூடிவிடும். யாருமே இல்லை என்றால் அவரவர் பக்கத்து சைடு லைன், அவரவர் வலது கைப் பக்கத்து எண்ட் லைன் என்று பிரித்துக்கொள்ளுங்கள், கீழே நிற்பவர் அதற்கும் விசில் ஊதாமல் கைதான் காட்ட வேண்டும்.

எவ்வளவு சொல்லியும் அவர் பந்தையேதான் பார்க்கிறார். என்ன செய்வது?

புதிய நடுவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம் இது, இதை ஒன்றைச் சரிசெய்தாலே மேட்ச் பாதி சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. ஆடும்போது வருஷக்கணக்காகப் பந்தின் பின்னால் ஓடிய கண், விசில் கையில் வந்ததும் மாறிவிடாது. இரண்டு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலைக்குக் காவல் இல்லை.

என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 17 வயதுக்குட்பட்ட பையன்கள் மேட்ச். செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்) இடது ஓரத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறான், எதிரில் இரண்டு பேர் பிளாக்குக்கு எழும்புகிறார்கள். அடி பிளாக்கில் பட்டுப் பின்னால் பறக்கிறது, லிபரோ துரத்துகிறான், மைதானத்தில் இருக்கும் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்புகிறது. அதே நொடியில் நடு பிளாக்கர், பக்கவாட்டில் ஓடிவந்து எழும்பிய வேகம் அடங்காமல், இறங்கும்போது முழங்கையால் வலையை இழுத்துவிட்டு எதுவும் நடக்காதது போல நகர்கிறான். மேலே இருப்பவர் பந்து பிளாக்கில் யார் கையில் பட்டது என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த முழங்கையைப் பார்க்க வேண்டியவர் கீழே நிற்பவர் ஒருவர்தான், அவரும் லிபரோவைப் பார்த்திருந்தால் அந்தப் பாயிண்ட் தப்பான அணிக்குப் போகும். அடித்தவன் நேருக்கு நேர் நின்று பார்த்திருப்பான், அவன் கத்துவான், அதிலிருந்து மேட்ச் சூடாகும்.

அதனால் அவரிடம் ஒரு வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். செட்டர் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை பந்தைப் பார்க்கலாம். கிளம்பியதும் பிளாக் செய்யும் அணியின் பக்கமாக ஒரு எட்டு வைத்து, பிளாக்கர்களின் கைக்குப் போக வேண்டும், அவர்கள் இறங்கும்போது கண்ணும் கூடவே காலுக்கு இறங்க வேண்டும். கால் தரையில் ஊன்றி அவர்கள் வலையை விட்டு விலகும்வரை பந்து எங்கே என்ற கவலையே அவருக்கு வேண்டாம். கம்பத்தை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் பின்வாங்கி நின்றால்தான் மேல்விளிம்பும் சென்டர் லைனும் ஒரே பார்வையில் வரும்.

வார்ம்-அப்பில் நெட் ஸ்பைக் நடக்கும்போதே பழக்கிவிடலாம். பந்தைப் பார்க்கவே கூடாது, ஒவ்வொரு பையன் இறங்கும்போதும் கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் செய்தாலே கண் இறங்கப் பழகிவிடும்.

கூடவே எது தவறு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். கால் சென்டர் லைனை மிதித்தாலோ பாதி தாண்டினாலோ ஃபால்ட் கிடையாது, பாதம் முழுவதும் அந்தப் பக்கம் போனால்தான் ஃபால்ட். ஒரு பகுதி கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேர் மேலே காற்றிலோ இருந்தால் விட்டுவிட வேண்டும். வலையைத் தொடுவதும் இரண்டு ஆன்டெனாவுக்கு (வலையின் இரு ஓரத்திலும் நிற்கும் குச்சி) நடுவில், பந்தை ஆடும் செயலின்போது நடந்தால்தான் கணக்கு. பந்து வேகமாக வலையில் மோதி, வலை போய் ஆளைத் தொட்டால் அது அந்த ஆளின் குற்றம் இல்லை. இது தெரியாத புதியவர்கள் வலை ஆடினாலே ஊதிவிடுகிறார்கள்.

இன்னொன்று, பின்வரிசை செட்டர். உயரமான செட்டர் பின்வரிசையில் இருக்கும்போது ஆர்வத்தில் முன்வரிசை ஆட்களோடு சேர்ந்து பிளாக்குக்கு எழும்புவான், வலைக்கு மேலே பந்து அவன் கையில் பட்டால் ஃபால்ட். பள்ளி மேட்ச்களில் இது அடிக்கடி நடக்கிறது, அதைவிட அடிக்கடி தப்பிப் போகிறது. "செட்டர் இப்போ முன்னாலயா, பின்னாலயா" என்ற கேள்விக்கு ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னாலும் அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ரொட்டேஷன் பார்ப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆறு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை என்கிறார்.

முடியாது. யாராலும் முடியாது, பழகியவர்களும் ஆறு பேரைப் பார்ப்பதில்லை. செட்டரைப் பார்த்தால் போதும், ஏனென்றால் இடம் மாறி ஒளிந்து நிற்கும் அவசரம் பெரும்பாலும் அவனுக்குத்தான்.

முதலில் வேலையைக் குறைத்துவிடலாம். 2025 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிப்படி சர்வீஸ் போடும் அணி, பந்து அடிக்கப்படும் நொடியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சர்வீஸ் போடும் ஆள் சரியான வரிசையில் வந்தவனா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி, அதை ஸ்கோரர் பார்ப்பார். உங்கள் போட்டியை அமைப்பாளர் எந்த வருஷத்து விதிப்படி நடத்துகிறார் என்று மட்டும் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இன்னும் பழைய விதியை வைத்து வாதாடும் கோச்கள் இருக்கிறார்கள்.

ரிசீவ் செய்யும் அணிக்கு வருவோம். செட்டர் 1-ஆம் இடத்தில், அதாவது பின்வரிசை வலது ஓரத்தில் இருந்தால், அவனுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டே பேர்: முன்னால் 2-ஆம் இடத்துக்காரன், இடது பக்கம் 6-ஆம் இடத்துக்காரன். செட்டரின் கால் 2-க்கு முன்னால் போகக் கூடாது, 6-க்கு இடப்பக்கம் போகக் கூடாது. 6-ஆம் இடத்தில் இருந்தால் மூன்று பேர்: முன்னால் 3, இரு பக்கமும் 5, 1. 5-ஆம் இடத்தில் இருந்தால் 4-க்குப் பின்னால், 6-க்கு இடப்பக்கம். அவ்வளவுதான் விஷயம். தரையில் ஊன்றிய காலை வைத்துத்தான் பார்க்க வேண்டும், தோளையோ தலையையோ வைத்து அல்ல. சர்வீஸ் கையில் பட்ட நொடி எந்த நிலையோ அதுதான் கணக்கு.

ஒரு சின்ன அட்டையில் இரண்டு அணிகளின் லைன்-அப்பையும் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு செட் தொடங்கும்போதும் லைன்-அப் ஷீட்டை வைத்து ஆறு பேரின் நம்பரையும் சரிபார்ப்பது இரண்டாம் நடுவர் வேலை. அதை அவசரப்படாமல் செய்ய விடுங்கள், மேலே இருந்து "சீக்கிரம்" என்று கை காட்டாதீர்கள். பனியன் நம்பர் வேர்வையில் மடங்கியும் கிழிந்தும் கிடக்கும் மேட்ச்களில் செட்டுக்கு அரை நிமிஷம் கூடுதலாகப் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

14 வயதுப் பிரிவில் ஒரு வார்த்தை. அங்கே பிள்ளைகள் எங்கே நிற்பது என்று புரியாமல்தான் இடம் மாறி நிற்பார்கள், அதில் தந்திரம் ஒன்றும் இருக்காது. சர்வீஸுக்கு விசில் அடிக்கும் முன்பே கண்ணில் பட்டால் "உங்க இடத்தப் பாத்துக்கோங்க" என்று இரண்டு அணிக்கும் பொதுவாகச் சொல்லலாமா என்று கேட்பார்கள். குறுவட்ட அளவில் சொல்லலாம் என்பது என் கட்சி, மாவட்ட அளவுக்கு மேலே கூடாது. எதுவானாலும் ஒரு அணிக்குச் சொன்னால் மற்ற அணிக்கும் சொல்ல வேண்டும்.

அவர் தவறாக ஊதிவிட்டார் என்று எனக்குத் தெரிகிறது. மாற்றலாமா?

முதல் நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு. எப்போது பயன்படுத்துவது என்பதுதான் விஷயம்.

அவர் பகுதியில், அவர் பார்த்து ஊதியது, உங்களுக்கு அந்தக் கோணம் தெரியவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். உங்கள் மனதில் "அப்படி இருக்காதே" என்று தோன்றுவது போதாது. நீங்கள் நேராகப் பார்த்திருக்க வேண்டும், சந்தேகமே இருக்கக் கூடாது. உதாரணமாக பின்வரிசை ஆள் முன்பகுதியிலிருந்து அடித்தான் என்று அவர் ஊதுகிறார், ஆனால் அவன் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் எழும்பியதை நீங்கள் தெளிவாகப் பார்த்தீர்கள். அப்படி என்றால் அவரை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூப்பிடுங்கள், வீரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், "என்ன பாத்தீங்க?" என்று கேளுங்கள். "உறுதியா தெரியுமா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் புதியவர்கள் பயந்துபோய் இல்லை என்றுதான் சொல்வார்கள், பார்த்திருந்தாலும்கூட. அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், முடிவை நீங்கள் காட்டுங்கள். விசிலால் ஆட்டம் நின்றுபோய் ஃபால்ட்டும் இல்லை என்றால் ராலியை, அதாவது அந்தப் பாயிண்ட்டுக்கான ஆட்டத்தை, திரும்ப ஆட வைப்பதுதான் வழி.

மேலே நின்றபடி தலையை ஆட்டி உதடு பிதுக்குவது, அவர் காட்டிய சைகையை நீங்கள் திருப்பிக் காட்டாமல் தயங்குவது, இவை இரண்டும் வெளிப்படையாக மாற்றுவதைவிட மோசம். கோச்கள் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் விசிலே ஊதுவதில்லை. நான் என்ன செய்ய?

பயம்தான், வேறொன்றும் இல்லை. முதல் செட்டில் வரும் எளிதான நெட் டச் ஒன்றை நீங்கள் பார்த்தாலும் அரை நொடி பொறுத்து அவருக்கு விடுங்கள். அவர் ஊதியதும் ஸ்டாண்டிலிருந்து அவர் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அடுத்ததற்குத் தானாக ஊதுவார். அவர் ஊதவே இல்லை என்றால் நீங்கள் ஊதுங்கள், பாயிண்ட்டைப் பலி கொடுக்க முடியாது.

இது தலைகீழ்: அவர் எல்லாவற்றுக்கும் ஊதுகிறார்.

அவர் எந்த வகைத் தவறுக்கு ஊதுகிறார் என்று பாருங்கள். கீழே நின்றுகொண்டு ஹோல்டிங், டபுள் டச் (ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடுவது) ஊதினால் அது உங்கள் வேலை என்று அடுத்த டைம்-அவுட்டில் அமைதியாகச் சொல்லுங்கள். மேலே நின்று ஊதினால் பெரும்பாலும் முதல் பந்தில்தான் பிரச்சினை இருக்கும். அணியின் முதல் தொடுதலில், ஒரே செயலில் பந்து கையில் பட்டு அப்புறம் தோளிலோ மார்பிலோ பட்டாலும் அது டபுள் ஆகாது, சர்வீஸை இரண்டு கையால் மேலே எடுக்கும்போது சுழன்று போனாலும் ஆகாது. பிடித்து எறிந்தால் மட்டும் ஃபால்ட். இந்த ஒரு விதி தெரியாததால் சின்னப் பிள்ளைகள் மேட்ச்சில் சர்வீஸ் ரிசீவ் ஆகும்போதெல்லாம் விசில் கேட்கிறது, ராலியே நடப்பதில்லை. ஒரு நல்ல ராலி நடந்தால்தானே அந்தப் பிள்ளைகள் அடுத்த நாளும் கிரவுண்டுக்கு வருவார்கள்?

ஆனால் ஒன்று, முதல் செட்டில் அவர் செட்டர் கையைக் கொஞ்சம் கடுமையாகப் பார்த்துவிட்டார் என்றால் நடுவில் திடீரென்று தளர்த்தச் சொல்லாதீர்கள். இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி கடுமை இருந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். 18-க்கு 18 இருக்கும்போது அளவு மாறினால்தான் சண்டை வரும்.

கோச் அவரைச் சூழ்ந்துகொண்டால்?

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. கீழே நிற்கும் இளம் நடுவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பி.டி. ஆசிரியரின் பழைய மாணவராக இருப்பார், அல்லது அவரிடம் பயின்றவரின் தம்பியாக இருப்பார். "என்னடா பாத்த நீ?" என்று அவர் உரிமையோடு கேட்பார். இவருக்கு "சார்..." என்பதற்கு மேல் வார்த்தை வராது. இந்த நிலையில் அந்தப் பையனைத் தனியாக விடுவது பெரிய அநியாயம்.

விதி தெளிவாக இருக்கிறது. ஆட்டத்தின்போது நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை ஆடும் கேப்டனுக்கு மட்டுமே. கார்டு காட்டும் அதிகாரம் முதல் நடுவருக்கு மட்டுமே, இரண்டாம் நடுவர் நடந்ததைத் தெரிவிக்கலாம். எனவே கோச் இரண்டாவது வாக்கியம் பேசும்போதே நீங்கள் மேலே இருந்து விசில் ஊதி, கேப்டனைக் கூப்பிட்டு, கேப்டன் வழியாக வாய்மொழி எச்சரிக்கை கொடுங்கள். மறுபடியும் நடந்தால் மஞ்சள். அதற்குப் பாயிண்ட் போகாது, ஆனால் ஸ்கோர் ஷீட்டில் ஏறும். அதற்கும் மேலே போனால் சிவப்பு, எதிரணிக்கு ஒரு பாயிண்ட்டும் சர்வீஸும். பெரும்பாலும் முதல் படியிலேயே அடங்கிவிடும், ஏனென்றால் கோச்சுக்கு வேண்டியது அந்தப் பையன் தனியாக இருக்கிறானா என்பதைத் தெரிந்துகொள்வதுதான்.

கூட நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "யாராவது கத்துனா பதில் சொல்லாத, கம்பத்துக்கிட்ட நகர்ந்துடு, என்னப் பாரு." பழைய ஆசிரியர் என்றால் மேட்ச் முடிந்ததும் போய் வணக்கம் சொல்லட்டும், அந்த மரியாதைக்கு எந்தக் குறையும் வேண்டாம். மேட்ச் நடக்கும்போது அவர் ஒரு அணியின் கோச்.

கோட்டை ஒட்டி நிற்கும் பெற்றோரும் ஊர்க்காரர்களும் தனி. கோர்ட்டைச் சுற்றிக் குறைந்தது மூன்று மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லி அமைப்பாளரை வைத்து ஆட்டத்துக்கு முன்பே நகர்த்துங்கள், அது உங்கள் வேலை, அவர் வேலை இல்லை.

கூட நிற்பவர் என்னைவிட வயதில் மூத்தவர், ஆனால் வாலிபால் பழக்கமில்லாதவர். எப்படிச் சொல்வது?

சொல்லிக்கொடுக்கிற தொனியில் சொல்லாமல், வேலையைப் பிரித்துக்கொள்கிற தொனியில் சொல்லுங்கள். "சார், டேபிளையும் ஆள் மாத்தறதையும் நீங்க பாத்துக்கிட்டா எனக்குப் பெரிய உதவி, நெட்டை மட்டும் நான் கூடச் சேத்துப் பாத்துக்கிறேன்" என்றால் எந்தப் பி.டி. சாரும் முகம் சுளிக்க மாட்டார். உண்மையில் இப்படிப்பட்டவர்கள் இன்னொரு வகையில் பலம். பிள்ளைகளை அடக்கத் தெரியும், கோச்களோடு சமமாகப் பேசத் தெரியும், அவரைப் பார்த்து யாரும் "டா" போட மாட்டார்கள். அவரிடம் ரொட்டேஷனை எதிர்பார்க்காதீர்கள், அதை மேலே இருந்து முடிந்தவரை நீங்களே பாருங்கள்.

டைம்-அவுட், ஆள் மாற்றத்தில் குழப்பம் வருகிறது.

எண்ணிக்கையை வாய்ப்பாடாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஒரு செட்டில் ஒரு அணிக்கு இரண்டு டைம்-அவுட், ஒவ்வொன்றும் 30 நொடி, ஆறு ஆள் மாற்றம், லிபரோ போய்வருவது இந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது டைம்-அவுட் முடிந்ததையும், ஐந்தாவது, ஆறாவது ஆள் மாற்றத்தையும் உங்களுக்கும் அந்தக் கோச்சுக்கும் அவர் தெரிவிக்க வேண்டும். நீங்கள் சர்வீஸுக்கு விசில் ஊதிய பிறகு கோச் கேட்டால் கிடையாது. முதல் தடவை என்றால் மறுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், ஆனால் ஸ்கோர் ஷீட்டில் குறிக்க வேண்டும்.

ஸ்கோரர் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கும் இடங்களில் ஒரு விஷயத்தைக் கறாராக வையுங்கள். ஆள் மாறியதை எழுதி முடித்ததும் ஸ்கோரர் இரண்டு கையையும் தூக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் நடுவர் உங்களுக்குத் தயார் என்று காட்ட வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் சர்வீஸுக்கு ஊத வேண்டும். நேரம் ஆகிறது என்று இதைத் தாண்டிப் போனால் மூன்றாவது செட்டில் ஸ்கோர் தகராறு வரும், அதைத் தீர்க்க ஆகும் நேரம் இதைவிடப் பல மடங்கு.

கைச் சைகையில் ஒருவரை ஒருவர் முந்திக்கொள்கிறோம்.

நீங்கள் ஊதினால்: எந்த அணிக்கு சர்வீஸ், என்ன ஃபால்ட், தேவைப்பட்டால் யார், இந்த வரிசை. கீழே இருப்பவர் ஊதினால் அவர் ஃபால்ட்டையும் ஆளையும் முதலில் காட்டுவார், நீங்கள் சர்வீஸ் பக்கத்தைக் காட்டுவீர்கள், அவர் அதைப் பின்பற்றிக் காட்டுவார். அவர் ஊதியதற்கு என்ன ஃபால்ட் என்று நீங்களும் சேர்ந்து காட்ட வேண்டாம்.

செட் இடைவேளையில் எவ்வளவு திருத்தலாம்?

இடைவேளை மூன்று நிமிஷம். அதில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அதுவும் அடுத்த செட்டில் செய்ய வேண்டியதாக இருக்கட்டும். "நீ அந்த நெட் டச்சை விட்டுட்ட" என்றால் அடுத்த செட் முழுக்க அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். "அடுத்த செட்ல பிளாக்கர் இறங்குற வரைக்கும் கூடவே இரு" என்றால் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. மற்றதெல்லாம் மேட்ச் முடிந்து டீ குடிக்கும்போது. அப்போதும் முதலில் அவரைப் பேச விடுங்கள், எந்த இடத்தில் தடுமாறினார் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள், "நல்லா பண்ண" என்று பொதுவாகச் சொன்னால் அது யாருக்கும் பயன்படாது. "ரெண்டாவது செட்ல பின்வரிசை செட்டர் பிளாக்கைப் பிடிச்சியே, அது எனக்குத் தெரியவே இல்ல" என்று சொன்னால் அவர் அடுத்த மேட்ச்சிலும் அதைத் தேடுவார்.

படிக்க விரும்பினால் பன்னாட்டு வாலிபால் கூட்டமைப்பின் விதிப் புத்தகமும், சிக்கலான சூழ்நிலைகளைக் கேள்வி பதிலாகத் தொகுத்த கேஸ் புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவதை முதலில் படிக்கச் சொல்லுங்கள், மைதானத்தில் நடப்பது போலவே இருப்பதால் மனதில் நிற்கும்.

பணம் எப்படிப் பிரிப்பது?

ஊர் டோர்னமென்ட்டில் மூத்தவருக்கு ஒரு தொகை, புதியவருக்குச் சாப்பாடும் பஸ் காசும் மட்டும் என்று சிலர் கொடுக்கிறார்கள். சரிபாதி வாங்கிக் கொடுங்கள். ஒரே வெயிலில்தான் இரண்டு பேரும் நின்றீர்கள்.

உண்மையிலேயே அவரால் முடியவில்லை. நடுவில் மாற்றலாமா?

தன் வேலையைச் சரியாகச் செய்யாத அலுவலரை மாற்ற முதல் நடுவருக்கு விதியில் இடம் உண்டு. செட்டின் நடுவில் செய்யாதீர்கள், கூட்டத்துக்கு முன்னால் அது ஒரு இளைஞரை வாழ்நாளுக்கும் விசிலை விட்டு விரட்டிவிடும். செட் முடியட்டும், இடைவேளையில் அமைப்பாளரிடம் பேசி இன்னொருவரைக் கீழே நிறுத்திவிட்டு, இவரை ஸ்கோர் டேபிளில் ஸ்கோரருக்குத் துணையாக உட்கார வையுங்கள். அங்கிருந்து ரொட்டேஷன் நன்றாகத் தெரியும். அதே நாளில் பின்னால் வரும் லேசான மேட்ச் ஒன்றில் அவரை மறுபடி உங்களோடு நிற்க வையுங்கள், அமைப்பாளரிடம் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.